கார் ஷெட்டும் குதிரை லாயமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் போனில், ஆபீஸில் உனக்குக் கார் நிறுத்தும் கட்டடத்தைத்தான் வரையக் கொடுத்திருக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டாய். அப்போது எனக்குப் பதில் ஒன்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்களை இங்கே இங்கிலாந்தில் ராதர்ஹாம் ஊர்ப் பக்கம் வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் என்ற மாளிகைக்குக் கூட்டிப்போனான்.

தூண் வைத்த வாசலோடு பெரிய கல் கட்டடம் ஒன்று தெரிந்தது. "வீடு வந்துவிட்டது" என்று இறங்கப் போனேன். அண்ணன் சிரிக்கிறான். அது குதிரை லாயமாம்!

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரு வீடு இல்லை, முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வீடு. மேற்குப் பக்கம் செங்கல்லில், அலங்காரம் நிறைந்த பாரோக் பாணியில் 1720களில் ஆரம்பித்தார்கள். அது முடிவதற்குள் அந்த மோஸ்தர் பழசாகிவிட்டது. வீட்டுக்காரப் பிரபு கிழக்குப் பக்கம் திரும்பி, பழைய ரோமானியக் கோயில் மாதிரி தூணும் ஒழுங்குமாக இருக்கும் பல்லாடியன் பாணியில் இன்னொரு முகப்பைத் தொடங்கிவிட்டார். ஹென்றி ஃபிளிட்க்ராஃப்ட் என்ற கட்டடக் கலைஞர் பார்த்துக் கட்டியது; நீளம் 606 அடி. பாதி வேலையில் டைல்ஸை மாற்றச் சொல்லும் வீட்டுக்காரரிடமே நான் எவ்வளவு கத்தியிருக்கிறேன், உனக்குத் தெரியும். "அடுப்படியிலிருந்து மேசைக்கு வருவதற்குள் குழம்பு ஆறிப்போயிருக்கும்" என்றாள் அம்மா. அவள் கவலை அவளுக்கு.

என் மனசு லாயத்திலேயே நின்றுவிட்டது. நடுவில் முற்றம், நாலு பக்கமும் கட்டடம், 84 குதிரைக்கு இடம், சவாரி பழகத் தனிக் கூடம். 1760களில் பிரபுவின் மகன், இரண்டாம் ராக்கிங்ஹாம் மார்க்விஸ், கட்டச் சொன்னது. அவர் இரண்டு தடவை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர், குதிரைப் பைத்தியம். விசில்ஜாக்கெட் என்ற தன் பந்தயக் குதிரையை ஜார்ஜ் ஸ்டப்ஸை வைத்து ஆள் உயரத்துக்கும் மேலே வரையவைத்தார். பின்னணியில் மரம் இல்லை, வானம் இல்லை, வெறும் குதிரைதான். அந்தப் படம் இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது.

லாயத்துக்கு வரைபடம் போட்டவர் ஜான் கார் என்ற கட்டடக் கலைஞர். கல்தச்சர் வீட்டுப் பிள்ளை, தானும் கல் கொத்தியவர். லாயம்தானே என்று அவர் கை சுருக்கவில்லை. விருந்தாளி வரும் வழியில் கண்ணில் படுகிற இடம், ஆனால் சாணி வாடை வீட்டுக்குள் வராத தூரம். அந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. பிறகு டெவன்ஷயர் பிரபுவுக்காக பக்ஸ்டனில் இன்னொரு பெரிய லாயமும் கட்டினார். அதற்குப் பின்னாளில் குவிமாடம் போட்டார்கள். இன்று அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள்.

வென்ட்வொர்த் ரொம்ப அடிபட்டது. 1946-ல் நிலக்கரிக்காக வீட்டுக்கு அருகில் வரை தோண்டினார்கள். அப்புறம் அங்கே பெண்களுக்கான உடற்பயிற்சி ஆசிரியர் கல்லூரி நடந்தது. 2017-ல் ஓர் அறக்கட்டளை 70 லட்சம் பவுண்டுக்கு வாங்கிச் செப்பனிட்டு வருகிறது.

சரி, உன் கார் ஷெட்டில் வண்டி உள்ளே வரும் வழியும் ஆள் நடக்கும் வழியும் எங்கே பிரிகின்றன? தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? வரைபடத்தை அண்ணன் வாட்ஸப்புக்கு அனுப்பு, கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன்.

அப்பா