திமிங்கலத்துக்கும் ஒரு ராத்திரி: கூத்து ஜமா வாத்தியார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வாத்தியார்களுக்கு,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டமாகப் பிரிந்துவிட்ட பழைய வட ஆற்காட்டில், பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் ஊர் ஊராகப் பெட்டியோடு போய் இறங்குகிற எல்லா ஜமாவுக்கும், அதாவது கூத்துக் குழுவுக்கும், சேர்த்து இதை எழுதுகிறேன். நான் குடியாத்தம் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவன். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். திமிங்கலத்தின் கதையை நீங்கள் கூத்தாகக் கட்டி ஆட வேண்டும்.

பாலாற்றிலேயே தண்ணீர் பார்ப்பது அபூர்வம், நமக்கு எதற்குத் திமிங்கலம் என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அந்தப் பாலாறு வயலூர் பக்கம் கடலில்தான் போய்ச் சேர்கிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் இரண்டு கரையிலும் கிடந்த குப்பை எங்கே போயிற்று என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018-ல் இந்தோனேசியாவின் வாகடோபி பகுதியில் ஒரு ஸ்பெர்ம் திமிங்கலம் செத்துக் கரை ஒதுங்கியது. வயிற்றை அறுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஆறு கிலோ பிளாஸ்டிக் இருந்தது. 115 கப், 25 பை, நாலு பாட்டில், இரண்டு ரப்பர் செருப்பு, அப்புறம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கயிற்றுத் துண்டுகள். நம் கல்யாண மண்டபங்களுக்குப் பின்னால் கிடக்கிற அதே சாமான்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. திமிங்கல உமிழ்நீர் என்று பேப்பரில் போடுகிறார்களே, அம்பர்கிரிஸ், அதைக் கடத்தியதாகக் கைது என்ற செய்தி இப்போது பெங்களூரு மாதிரி கடலில்லாத ஊர்களிலிருந்தும் வருகிறது. அது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உண்டாகிற மெழுகு மாதிரியான பொருள். வாசனைத் திரவியத்துக்காக வாங்குகிறார்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பது குற்றம். கோடிக்கணக்கில் விலை போகும் என்று யாராவது ஆசை காட்டினால், கையில் காசில்லாத இளைஞன் எந்த ஊரில் இருந்தாலும் மயங்கத்தான் செய்வான். அவனுக்கு அது யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்று தெரியாது. போலீஸ் எச்சரிக்கை ஒட்டியும் தெரியப்போவதில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஊர் நடுவில், கூத்தில் சிரிக்க வைத்தே கதை நடத்துகிற கட்டியங்காரன் வந்து சொன்னால் தெரியும்.

கதையால் அப்படி என்ன ஆகிவிடும் என்கிறவர்களுக்கு குஜராத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே சௌராஷ்டிரக் கரையில் திமிங்கலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். அது பெயரில்தான் திமிங்கலம், இனத்தில் மீன், உலகத்திலேயே பெரிய மீன். 2001-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 2004-ல் வனவுயிர் அமைப்பினர் ராமகதை சொல்லும் மொராரி பாபுவிடம் போனார்கள். அவர் மீனவர்களிடம், இது பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மகள் என்றார். அதையே வைத்து வீதி நாடகம் போட்டார்கள். நிறைமாசமாக வந்து நிற்கும் மகளை எந்த அப்பன் வெட்டுவான்? அதற்கப்புறம் வலையில் சுறா மாட்டினால் மீனவர்களே வலையை அறுத்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கில் அப்படி உயிரோடு திரும்பிப் போயிருக்கின்றன. அறுந்த வலைக்கு அரசாங்கம் இழப்பீடும் கொடுத்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வயிற்றுப்பாட்டை மறந்துவிட்டுக் கதை மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கத்தி எடுத்த கையைத் தயங்க வைத்தது அந்தக் கதை. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வருவது நம் வீடுகளிலும் உள்ள வழக்கம்தானே. அந்த வசனத்தை நம் ஊர்ப் பெண்களுக்கு விளக்கவே வேண்டாம்.

பாட்டாலும் நடந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கலங்களைக் கொன்றிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. 1970-ல் ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஹம்ப்பேக் என்கிற கூன்முதுகுத் திமிங்கலங்கள் கடலுக்கடியில் பாடுவதை இசைத்தட்டாக வெளியிட்டார். அதுவரை மக்களுக்குத் திமிங்கலம் என்றால் எண்ணெயும் இறைச்சியும்தான். பாடுகிறது என்று காதால் கேட்ட பிறகு வேட்டைக்கு எதிரான குரல் பெருகியது. 1982-ல் சர்வதேச திமிங்கல ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த முடிவெடுத்தது. ஆண் ஹம்ப்பேக்தான் பாடும். ஒரு கடலில் உள்ள ஆண்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடும், வருஷத்துக்கு வருஷம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போகும். பின்பாட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல சேதி இருக்குமா? நம் அரபிக்கடலிலேயே ஒரு ஹம்ப்பேக் கூட்டம் இருக்கிறது. மற்ற கூட்டங்கள் மாதிரி துருவக் கடலுக்குப் போகாமல் வருஷம் முழுக்க இங்கேயே இருக்கும். மிகவும் சுருங்கிப்போன கூட்டம்.

சரி, கூத்துக்குக் கதை எது? நம் தமிழ்க் கரையிலேயே நடந்தது இருக்கிறது. 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கின. மீனவர்கள் தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள், படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். விட்டவை திரும்பக் கரைக்கே வந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டவை செத்தன. இந்த இனம் தாய்வழிக் குடும்பமாக வாழ்கிறது. பிள்ளை பெறும் வயசு தாண்டிய கிழவிகளும் அதற்கப்புறம் பல வருஷம் கூட்டத்தோடு இருப்பார்கள். ஒன்று கரையில் தவித்தால் மற்றவை விட்டுவிட்டுப் போகாது.

இதை ஒரு கூத்து வாத்தியார் கேட்டால் அவருக்கே காட்சி விரியும். திரை பிடித்து முதலில் வருவது கிழவித் திமிங்கலம். தலையில் கிரீடம் வேண்டாம், தோளில் புஜக்கட்டை மட்டும் போதும், அரிதாரம் கருநீலத்தில். தன் பேத்தி கரையில் மாட்டிக்கொண்டதை விருத்தத்தில் சொல்கிறாள். மீனவர் வேஷக்காரர் நாலு பேர் கயிற்றோடு வந்து அவளைக் கடலுக்கு இழுக்கிறார்கள், அவள் திரும்பித் திரும்பி வருகிறாள். அபிமன்னன் செத்த செய்தி கேட்டு சுபத்திரை அழும்போது கூத்துக் களமான களரியே அழுகிறதே, நாதஸ்வரம் மாதிரி சின்னக் குழலான அந்த முகவீணை இங்கே வேண்டும். கற்பனை என்று யாரும் தள்ள முடியாது. 2018-ல் அமெரிக்க, கனடா எல்லைக் கடலில் கொலையாளித் திமிங்கலம் என்கிற ஓர்க்கா இனத்துத் தாய் ஒன்று, பிறந்து கொஞ்ச நேரத்திலேயே செத்த தன் குட்டியை 17 நாள் தலையில் தாங்கிக்கொண்டே நீந்தியது. உலகமே பார்த்தது.

புராணத்தில் இடமில்லையே என்று தயங்கவும் வேண்டாம். பாரதத்தின் வம்சமே மச்சகந்தியிடமிருந்துதானே தொடங்குகிறது? மீன் வயிற்றில் பிறந்து, செம்படவர் வீட்டில் வளர்ந்து, ஓடம் தள்ளியவள். கடலின் குறையைச் சொல்ல அவளைவிட உரிமை உள்ளவள் யார்? அவள் வாயால் தொடங்கினால் கிழவித் திமிங்கலம் பாரதத்துக்குள்ளேயே வந்துவிடும். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை ஊர் ஜமா வெளிநாட்டு நாடகத்தையும் கதையையும் கூத்தாக்கி ஆடியிருக்கிறது. அதனால் முறை கெட்டுப்போகவில்லை.

உருவம் எப்படிக் காட்டுவது என்பதுதான் என்னை ரொம்ப நாளாக யோசிக்க வைத்தது. விடை, பாரத விழாவில் துரியோதனன் வீழ்வதை நடத்திக் காட்டுகிற படுகளத்தில் கிடைத்தது. திரௌபதி அம்மன் கோயில் திடலில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து படுத்த துரியோதனனை எவ்வளவு பெரிதாகச் செய்கிறோம்! மார்பின் மேல் ஏறி நடக்கலாம். அதே திடலில், அதே மண்ணில், திருவிழா முடிந்த பிறகு ஒரு நீலத் திமிங்கலத்தைச் செய்து கிடத்தலாம். பெரியது நூறு அடி வரை இருக்கும். இதுவரை பூமியில் இருந்த எந்த விலங்கும் அவ்வளவு எடை இருந்ததாகத் தெரியவில்லை. தொலைக்காட்சியில் அது உள்ளங்கை அளவுதான். வாலிலிருந்து தலைவரை ஒரு பிள்ளை ஓடிப் பார்த்தால் அந்த அளவு காலுக்குத் தெரியும்.

செய்கிற கைவினைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. வாலை மீன் வால் மாதிரி நிமிர்த்தி வைக்க வேண்டாம். திமிங்கலத்தின் வால் தரைக்குக் கிடையாக இருக்கும், மேலும் கீழுமாக அடித்து நீந்தும். என் வகுப்புப் பிள்ளைகள் வரைந்தால் முதலில் எல்லாரும் நிமிர்த்தித்தான் போடுவார்கள். ஏன் கிடையாக இருக்கிறது என்று விளக்கப் போனால், அது நம்மைப் போல மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது என்று பேச்சு தானாக வந்துவிடும். தலை உச்சியில் மூச்சுத் துளை மறக்கக்கூடாது. நீலத் திமிங்கலத்துக்கு இரண்டு துளை, ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு ஒன்று, அதுவும் இடப்பக்கம் ஒதுங்கி இருக்கும்.

பாட்டு கட்டுவதற்கு முன்னால் ஒரு பயணம் போய்வர வேண்டும் என்பது என் ஆசை. காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை இரண்டு மணி நேரம்தான். எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. அதன் பக்கத்தில் வேஷக்காரர்கள் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அப்புறம் தெற்கே மணப்பாடு. அன்றைக்குக் கயிறு பிடித்து இழுத்தவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். தோல் தொட்டால் எப்படி இருந்தது, மூச்சுச் சத்தம் எப்படிக் கேட்டது, கரைக்குத் திரும்பி வந்ததைப் பார்த்தபோது என்ன பேசிக்கொண்டார்கள் என்று. அந்தப் பேச்சுதான் வசனமாக வேண்டும். நான் எழுதிக் கொடுத்தால் பாடப் புத்தகம் மாதிரி ஆகிவிடும். முடிந்தால் முதல் ஆட்டத்தை அந்தக் கடற்கரையிலேயே ஆடிவிட்டு வாருங்கள். பாரதம் கட்டுகிறவர்கள் கடலோரத்துக்கு வந்தார்கள் என்றால் அந்த மீனவர்களுக்கும் சந்தோஷம்.

கட்டியங்காரனைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் கப்பையும் அம்பர்கிரிஸ் புரோக்கரையும் அவர் கையில் விட்டுவிட்டால் போதும், ஊர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளும்.

முழு ராத்திரி கேட்கவில்லை. அர்ச்சுனன் தபசுக்கு முதல் நாளோ, படுகளம் முடிந்த மறுநாளோ, ஒரு மணி நேரம் ஒதுக்கினால் தொடங்கிவிடலாம். படுதாவையும் முகத்துக்கான வர்ண மாதிரியையும் நான் வரைந்து தருகிறேன். மண் உருவத்துக்கு அளவெடுக்கப் பிள்ளைகளோடு வருகிறேன். ஆடுகிறவர்களுக்கும் ஆர்மோனியம், மத்தளம், முகவீணைக்காரர்களுக்கும் அன்றைய சம்பளத்தைக் குறைக்காமல் கொடுக்க எங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து பணம் போட ஒப்புக்கொண்டிருக்கிறோம். எந்த ஜமா முதலில் எடுப்பது, எந்த ஊரில் ஆடுவது என்பதை நீங்கள் கலந்து பேசி இந்த ஆடிக்குள் முடிவு செய்து சொல்லுங்கள். புரட்டாசியில் வேலை தொடங்கினால் அடுத்த பங்குனிக்குக் களரி ஏற்றிவிடலாம்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
குடியாத்தம்