காட்மாண்டிலிருந்து அம்மா எழுதுவது

காட்மாண்டு,
பங்குனி 19

அன்பு மகள் கயல்விழிக்கு,

நலம், நலமறிய ஆவல். நாங்கள் இந்த ஊருக்கு வந்து இன்றோடு நான்கு நாள்களாகின்றன. போக்கராவிலிருந்து ஜோம்சோம் செல்லும் சிறு விமானங்கள் காற்றின் காரணமாகப் பறக்கவில்லை என்பதால், முக்திநாத்துக்குப் புறப்பட வேண்டிய நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாம் என்று மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் மாப்பிள்ளைதான் எடுத்தார், மூன்று முறையும் நீ உறங்குவதாகச் சொன்னார். மாலை ஆறு மணிக்கு உறங்கும் பழக்கம் உனக்குச் சிறு வயதில்கூட இருந்ததில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. எழுதினால் படிப்பாய் என்று எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் தலைக்குக் குளிக்காதே.

முதலில் உன் காஷ்டமண்டபத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் காலத்தில் இங்கு வந்து நீ வரைந்த பென்சில் படம் அப்பாவின் நாற்காலிக்கு மேலே இன்றும் தொங்குகிறது. பார்த்துப் பார்த்து, அதன் மூன்றடுக்குக் கூரையும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. 2015 ஏப்ரல் 25 அன்று நண்பகலுக்குச் சற்று முன்பு நிலம் நடுங்கி, உள்ளே இரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்த வேளையில் அந்த மண்டபம் சரிந்த செய்தியைக் கேட்டு, அன்றிரவு நீ சாப்பிடாமல் படுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. ஊருக்கே பெயர் கொடுத்த அந்தப் பழைய சத்திரத்தை ஊர்க்காரர்களே முன்னின்று பழைய முறைப்படி மீண்டும் எழுப்பி, 2022-இல் முடித்திருக்கிறார்கள். தூணில் கை வைத்து நின்றேன். மரம் இன்னும் கருக்கவில்லை. இடிந்த பிறகு அடித்தளத்தை அகழ்ந்து ஆராய்ந்தவர்கள், அது ஏழாம் நூற்றாண்டு வரை பழமையானது என்றும், அதில் குறையில்லை என்றும், நடுவிலுள்ள நான்கு பெருந்தூண்களில் ஒன்று அடிக்கல்லோடு சரியாகப் பொருந்தாமல் நின்றது பிற்காலத்தில் பழுதுபார்த்தவர்கள் விட்ட பிழை என்றும் கண்டார்களாம். உனக்கு இது முன்பே தெரிந்திருக்கும். ஆனாலும் அடித்தளத்தில் குறையில்லை என்பதை மட்டும் நான் வழிகாட்டியிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். நம் வீட்டில் இதையெல்லாம் படித்துப் பட்டம் பெற்ற ஒருத்தி இருக்கிறாள் என்று அவரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

பசுபதிநாதரை நேற்று முன்தினம் சேவித்தோம். நான்கு திசைக்கும் நான்கு முகமாக அமைந்த லிங்கம். பூசை செய்யும் பட்டர்கள் தலைமுறை தலைமுறையாகக் கர்நாடகத்திலிருந்து வருபவர்கள். கோயிலை ஒட்டிப் பாக்மதிக் கரையில் பகலிலும் சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. அப்பா என்னை அங்கே நிற்க விடவில்லை.

சுயம்புநாத் என்னும் பௌத்தத் தூபிக்கு மட்டும் நான் இரண்டு முறை சென்றேன். கிழக்குப் பக்கத்தில் 365 படிகள். முழங்கால் வலியோடு ஏன் மறுபடியும் ஏறுகிறாய் என்று அப்பா கோபித்துக்கொண்டார். இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்றும், அதில் பூத்த தாமரையில் தானாகவே தோன்றிய ஒளியைக் கண்ட மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவர், தம் வாளால் சோபாரில் மலையைப் பிளந்து நீரை வடியவிட்டார் என்றும் சொல்கிறார்கள். நாம் தான்தோன்றீசுவரர் என்கிறோமே, அதே பொருள்தான் சுயம்புவுக்கும். மஞ்சுஸ்ரீயின் இடத்தில் இந்துக்கள் சரசுவதியை வணங்குகிறார்கள். யாரும் யாரையும் விலகச் சொல்வதில்லை. தூபியின் உச்சியில் நான்கு பக்கமும் கண்கள் வரைந்திருக்கின்றன. மூக்குப் போல இருப்பது மூக்கன்று, நேபாள எழுத்தில் ஒன்று என்னும் எண்.

அந்தத் தூபியை அடுத்து, இரண்டடுக்குக் கூரையோடு ஹாரிதியின் சிறு கோயில் இருக்கிறது. நேவார் மக்கள் அவளை அஜிமா, அதாவது பாட்டி என்கிறார்கள். இந்துக்களுக்கு அவள் சீதளை. நம் மாரியம்மனைப் போல அம்மை நோய்க்கும் குழந்தைகளுக்கும் உரியவள். முன்பு அவள் பிறர் குழந்தைகளைத் தின்னும் யட்சி. ஐந்நூறு பிள்ளைகள் பெற்றவளுடைய கடைசிப் பிள்ளையைப் புத்தர் தம் பிச்சைப் பாத்திரத்தின் கீழ் மறைத்துவைக்க, உலகமெல்லாம் தேடி அழுதுவிட்டு அவரிடமே வந்தாளாம். ஐந்நூறில் ஒன்றுக்கே இப்படி என்றால், ஒன்றே பெற்று அதையும் இழந்தவள் என்ன செய்வாள் என்று அவர் கேட்டாராம். அன்று முதல் அவள் குழந்தைகளுக்குக் காவலாக இருக்கிறாள்.

வாசலில் ஒரு நேவார் மூதாட்டி, கண்ணுக்கு மை தீட்டிய, சரிகைத் தொப்பி அணிந்த ஆறேழு மாதக் குழந்தையை மடியில் வைத்திருந்தார். தொப்பி பெரிதாக இருந்ததால் அது கண்ணை மறைத்துக்கொண்டே இருந்தது. அவரும் சலிக்காமல் ஒரு விரலால் அதை மேலே தள்ளிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, உனக்குப் பேரன் பேத்தி எத்தனை என்று கையால் கேட்டார். நான் ஒரு விரலைக் காட்டினேன் கயல். அப்பா அருகில் இல்லை. அவரிடம் இதை நான் சொல்லவும் இல்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ரண பகதூர் ஷா என்ற அரசன், தன் ராணி பெரியம்மை கண்டு இறந்த துயரத்தில், அவளைக் காக்கத் தவறிய தெய்வங்களின் உருவங்களையே உடைத்தெறிந்தானாம். இந்த ஹாரிதியும் அதில் தப்பவில்லை. இப்போதிருப்பது பின்னர் நிறுவிய உருவம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. அவன் கல்லைத்தான் உடைத்தான். நான் தை மாதத்தில், அந்த மருத்துவமனை அறையில், நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது, கட்டட வேலை கட்டட வேலை என்று அலையாமல் இருந்திருந்தால் இது தங்கியிருக்கும் என்றேன். யாருடைய தவறும் இல்லை, இப்படி நேர்வது உண்டு என்று டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. கேட்டிருந்தும் சொன்னேன். யாரையாவது குற்றம் சொன்னால் என் மனம் ஆறும் என்று, அந்த நேரத்தில் அகப்பட்ட உன்னைச் சொன்னேன். மூன்று மாதங்களாக உன் மௌனத்தை மாப்பிள்ளையின் குற்றம், சோர்வின் குற்றம் என்றெல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது என் சொல்லின் குற்றம். எனக்கு உன்னைப் பெறுவதற்கு முன் நேர்ந்ததை நீ அறிவாய். அப்போது உன் ஆத்தா என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அதைக் கண்டிருந்த நான் எப்படி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நாளை காற்று அடங்கினால் புறப்படுவோம். இல்லையெனில் வெள்ளிக்கிழமை சென்னை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அழைப்பேன். நீ எடுத்தால் போதும். பேச வேண்டும் என்பதில்லை. அருகில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார், நான் இந்த ஊரைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். முருங்கைக்கீரை கிடைத்தால் வாங்கச் சொல். மாத்திரையை நிறுத்தாதே. இரவில் தலைக்குக் குளிக்காதே.

அன்புடன்,
அம்மா