உள்ளே எடுக்கும் வேகத்தில் வெளியேயும் அனுப்புங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் உள்ள இணைப்புப் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவதும், அவர்கள் விண்ணப்பத்தை ஒருமுறை பார்த்துக் கொடுப்பதும் எங்கள் துறையில் என் தலையில் விழுந்த வேலை. எல்லாப் பருவ மதிப்பெண்களையும் தொகுத்து நீங்கள் தருகிற டிரான்ஸ்கிரிப்ட் என்றால் என்ன, யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் அலுவலகங்களில் அதற்கென்றே ஒரு செக்‌ஷன் இருக்கிறது. அங்கே மேசையில் அடுக்கியிருக்கும் கவர்களே எல்லாவற்றையும் சொல்லும்.

நான் கேட்பது இரண்டே இரண்டு. டிரான்ஸ்கிரிப்டில் ஒரு வரி சேருங்கள். அதைக் கொடுப்பதற்கு ஒரு கெடு வையுங்கள். மீதி மடல் முழுக்க, இவற்றை ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்தான்.

இந்த ஆண்டு எங்கள் மெக்கானிக்கல் துறையிலிருந்து ஒரு பையன் ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்க விண்ணப்பித்தான். அப்பா மினி லாரி ஓட்டுகிறார். ஏன் ஜெர்மனி என்று கேட்டால் பதில் எளிது. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவோ பிரிட்டனோ போக வீட்டை விற்க வேண்டும். ஜெர்மனிக்கும் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டும் என்பது உண்மைதான், நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். ஆனால் அது அவன் சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் மாதாமாதம் திரும்பி வருகிற பணம். அதனால்தான் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் கண் அந்த நாட்டின் மேல் விழுகிறது.

2022 நவம்பரிலிருந்து, நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு கொடுக்கும் ஏ.பி.எஸ். சான்றிதழ் இல்லாமல் நம் மாணவர்கள் அந்நாட்டுக்கான படிப்பு விசாவுக்கே விண்ணப்பிக்க முடியாது. அதற்கு 18,000 ரூபாய் கட்டினான். பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாகப் போகிற விண்ணப்பங்களில் முதலாவதற்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. அதையும் கட்டினான். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதினான். எல்லாம் கையில் வைத்துக்கொண்டு, உங்களைப் போன்ற ஓர் அலுவலகம் கொடுத்த டிரான்ஸ்கிரிப்டையும் இணைத்து அனுப்பினான். ஜூன் நடுவில் அங்கிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் மதிப்பெண் பட்டியலில் தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண் எது என்று இல்லை, பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்துப்பூர்வமாக வாங்கி அனுப்புங்கள் என்று.

அவர்கள் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் 1 என்பது முதல்தரம், 4 என்பது கடைசித் தேர்ச்சி. நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணில் மாணவன் வாங்கியதைக் கழிப்பார்கள். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் அதை வகுப்பார்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுவார்கள். நம் பையனின் சி.ஜி.பி.ஏ. (ஒட்டுமொத்த கிரேடு சராசரி) 10க்கு 7.8. தேர்ச்சிக்கு 5 போதும் என்று எடுத்துக்கொண்டால் அவனுடைய ஜெர்மன் மதிப்பெண் 2.32. தேர்ச்சி 6 என்று எடுத்துக்கொண்டால் 2.65. பல படிப்புகளுக்கு 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் வேண்டும் என்பது நிபந்தனை. புரிகிறதல்லவா? நான்கு வருடம் படித்தது அதே படிப்பு, வாங்கியது அதே மதிப்பெண். டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் ஒரே ஓர் எண் அச்சாகியிருக்கிறதா இல்லையா என்பதில் அவன் தகுதியுள்ளவனா இல்லையா என்பது மாறுகிறது. அந்த எண்ணும் நம்மிடம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், ரெகுலேஷனுக்கு ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிகள்) மாறுகிறது என்பதால், நீங்கள் சொன்னாலொழிய அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை.

பையன் இரவு பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். சந்தேகம் கேட்கும் நேரம் மாலை 3 முதல் 4 வரை என்று கதவில் ஒட்டியிருந்தது. காலையிலேயே போய்ச் சேர்ந்தவன் மரத்தடியில் காத்திருந்து மூன்று மணிக்கு உள்ளே போனான். அந்த செக்‌ஷனில் இருந்தவர் எரிந்து விழவில்லை, அதை நான் இங்கே பதிவு செய்தாக வேண்டும். அவன் காட்டிய மின்னஞ்சலை முழுசாகப் படித்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி, நீ கேக்குறது எனக்குப் புரியுது. ஆனா நம்ம ஃபார்மட்ல அது கிடையாது. ஃபார்மட்ட மாத்துற அதிகாரம் எனக்கு இல்ல. தனியா லெட்டர் வேணும்னா புதுசா அப்ளிகேஷன் போட்டு, ஃபீஸ் கட்டி, ஃபைல் மேல போய் வரணும்." எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டதற்கு, "சொல்ல முடியாதுப்பா" என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஜூலை 15 கடைசி நாள். கடிதம் வந்தது ஆகஸ்டில். கடிதத்தில் இருந்தது ஒரே வாக்கியம்.

அந்த ஒரு வாக்கியத்தை எல்லா டிரான்ஸ்கிரிப்டிலும் நிரந்தரமாக அச்சிட்டுவிட்டால், பையனும் அலைய வேண்டாம், அந்த ஊழியரும் தன் மேல் தப்பே இல்லாத காரியத்துக்காகப் பிறர் முகம் சுளிப்பதைப் பார்க்க வேண்டாம். உங்களுக்கு இதில் ஆகிற செலவு கொஞ்சம் மை.

இப்போது நீங்கள் "இணைப்புக் கல்லூரிகள் எத்தனை, மாணவர்கள் எத்தனை லட்சம், எங்களிடம் ஆள் எத்தனை பேர் தெரியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு இதே மாநிலத்தின் இன்னொரு வாசலைக் காட்டுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை பொறியியலில் சேர என்ன செய்கிறது? கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குக் கட்-ஆஃப். நுழைவுத் தேர்வு 2007லேயே போயாகிவிட்டது. 2018 முதல் கவுன்சிலிங் ஆன்லைன். அதற்கு முன்னால் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் குடும்பத்தோடு வந்து, பிளாட்பாரத்தில் பாய் விரித்துப் படுத்து, பெரிய திரையில் சீட் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்தபடி நின்ற தலைமுறை நாங்கள். இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். மாநிலப் பாடத்திட்டப் பிள்ளையின் மதிப்பெண்ணை அரசுத் தேர்வுத் துறையிடமிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கிறார்கள். சமமான கட்-ஆஃப் வந்தால் யாரை முன்னால் வைப்பது என்பதற்கு ரேண்டம் எண் வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறார்கள். எந்தச் சுற்று எந்தத் தேதியில் தொடங்கி எப்போது முடியும் என்று அட்டவணை வெளியாகிறது, சீட் ஒதுக்கீடு கைப்பேசியில் வந்து விழுகிறது. எம்.இ. படிக்க சீட்டா (CEETA) நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் அப்படித்தான். ஒரு தேர்வு, ஒரு மதிப்பெண், ஒரு வரிசை, ஒரு தேதி.

இதையெல்லாம் செய்தது வெளிநாட்டு நிறுவனமா? நம் அரசும் நம் பல்கலைக்கழகமும்தான். உள்ளே எடுக்கும்போது லட்சக்கணக்கான பேரைச் சில மாதத்துக்குள் சீட்டில் உட்கார வைக்கத் தெரிந்த நமக்கு, வெளியே போகிற ஒருவனுக்கு ஒரு தாளைக் குறித்த நாளில் கொடுக்கத் தெரியவில்லை என்றால் நம்புவது கஷ்டமாக இருக்கிறது. முன்வாசலில் தினமும் கோலம் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவின் சாவியைத் தொலைத்த வீடு மாதிரி இருக்கிறது இது.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன். ஒரு வரி, ஒரு கெடு.

இங்கே எல்லாம் ஓர் எண்ணில் முடிவதால் நமக்கு வெளிநாட்டு முறை பழகவில்லை என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கட்-ஆஃப் முறையை நான் குறை சொல்ல மாட்டேன். நீ யார், உன் அப்பா யார், இங்கிலீஷ் பேசுவாயா என்று எதையும் கேட்காமல் சீட் கொடுக்கிற முறை அது. என்னைப் போன்றவர்கள் உள்ளே வந்ததே அதனால்தான். ஆனால் வெளிநாட்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனி ராஜ்யம். ஒன்றுக்கு நோக்கக் கட்டுரை வேண்டும், இன்னொன்றுக்கு நீ படித்த தெர்மோடைனமிக்ஸ் எத்தனை கிரெடிட், அதில் என்னென்ன பாடம் நடத்தினார்கள் என்று பக்கம் பக்கமாக வேண்டும். கடைசி நாள் ஆளுக்கொன்று, ஜெர்மனிக்குள்ளேயே சிலது மே 31இலேயே கதவைச் சாத்திவிடும். கனடாவுக்கு மதிப்பெண்ணைச் சரிபார்க்கிற சில நிறுவனங்களோ, மாணவன் கையில் கொடுத்தால் வாங்கவே மாட்டோம், பல்கலைக்கழகம்தான் நேராக அனுப்ப வேண்டும் என்கின்றன. இந்த அத்தனை பூட்டுக்கும் நீங்கள் தருகிற ஒரு தாள்தான் சாவி. நீங்கள் தாமதித்தால் அவன் என்ன படித்திருந்தாலும் உபயோகம் இல்லை.

(பரிந்துரைக் கடிதத்துக்கு அவர்கள் கேட்பது கல்லூரியின் சொந்த முகவரியிலிருந்து மின்னஞ்சல். எனக்கு இருப்பது ஜிமெயில். எங்கள் நிர்வாகத்திடம் கேட்டதற்கு, "சார், ஜிமெயில் ஃபிரீதானே?" என்றார்கள். அது வேறு வழக்கு, உங்களை அதில் இழுக்கவில்லை.)

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாமதம் எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. உங்கள் ஊரிலேயே மாமா வீடு உள்ள பையன் தினமும் வந்து செக்‌ஷன் வாசலில் நின்று வாங்கிப் போய்விடுவான். பணம் இருக்கிறவனுக்கு "அலையாமல் வாங்கித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்கிற ஏஜென்சிகள் இருக்கின்றன. நீங்கள் கொடுக்க முடியாத தேதியை அவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் மடலின் மரியாதை போய்விடும். மினி லாரி ஓட்டுகிறவர் மகனுக்குத்தான் இரண்டு வழியும் இல்லை.

பிறகு அதே பையன் எப்படியோ தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று வையுங்கள். ஆறு மாதத்தில் அவன் படம் கல்லூரி பேனரில் வரும், பக்கத்தில் ஜெர்மன் கொடி. உலகத்தரம் என்று கீழே எழுதுவார்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிடுகிற நாக் குழு வரும்போது அவன் பெயர் பழைய மாணவர் சாதனைப் பட்டியலில் ஏறும். படத்தை அச்சடிக்க நமக்கு எந்த ஃபார்மட்டும் குறுக்கே வருவதில்லை.

பல பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் நாற்காலி மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த கதையும் எங்களுக்குத் தெரியும். ஆளுநருக்கும் அரசுக்கும் இடையே நடந்த சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனதும், பட்டமளிப்பு விழாக்கள் தள்ளிப்போனதும் ஊரறிந்ததுதான். கையெழுத்துப் போட ஆள் இல்லாத இடத்தில் ஃபார்மட்டை மாற்றச் சொல்கிறானே என்று உங்களில் சிலருக்கு எரிச்சல் வரலாம். வரட்டும். ஆனால் டிரான்ஸ்கிரிப்டில் கையெழுத்துப் போடுவது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அலுவலகம்தான். அந்த நாற்காலியில் ஆள் இருக்கிறார், அவருக்குத்தான் எழுதுகிறேன்.

சரி, கோபம் கொஞ்சம் வழிதவறிப் போய்விட்டது. மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததைப் பணிவோடு கேட்டு முடிக்கிறேன்.

டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் கிரேடு விளக்கம் ஏற்கெனவே இருந்தால் அதன் கீழே, இல்லையென்றால் புதிதாக, மூன்று விவரங்களை ஒரு வரியில் அச்சிடுங்கள்: அதிகபட்ச கிரேடு புள்ளி, தேர்ச்சிக்கான குறைந்தபட்ச கிரேடு புள்ளி, பயிற்றுமொழி. விண்ணப்பமும் கட்டணமும் வந்து சேர்ந்த நாளிலிருந்து பதினைந்து வேலை நாளுக்குள் டிரான்ஸ்கிரிப்ட் தரப்படும் என்று இணையதளத்தில் போடுங்கள், தர முடியாவிட்டால் யாரை எந்த எண்ணில் கேட்பது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பட்டச் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் ஏற்றுகிற நீங்கள், டிரான்ஸ்கிரிப்டையும் டிஜிட்டல் கையெழுத்தோடு மாணவன் குறிப்பிடும் முகவரிக்கு நேராக அனுப்ப ஏற்பாடு செய்ய முடிந்தால் கும்பிட்டு நன்றி சொல்வேன். அது பிறகு நடக்கட்டும். வரியும் கெடுவும் இப்போது வேண்டும்.

இப்போது இறுதியாண்டில் இருக்கிற பிள்ளைகள் நவம்பரில் ஏ.பி.எஸ். விண்ணப்பத்தைத் தொடங்குவார்கள். அந்த வரி என்ன வாசகத்தில் இருக்க வேண்டும் என்று சந்தேகம் இருந்தால், ஆகஸ்டில் அந்தப் பையனுக்கு வந்த கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ள வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எந்தத் திருத்தமும் தேவையில்லை.

இப்படிக்கு,
பணிவுடன்,
இணைப்புக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்