இசக்கிச்செல்விக்கு: நீ போகப்போகிற வேலையைப் பற்றி

அன்புள்ள இசக்கிச்செல்வி,

எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு ஆஸ்பத்திரி, கவுன்சிலிங் என்று போகாமல் அரசுத் திட்டங்களில் வேலை செய்யப்போகிறாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து அண்ணன் எனக்கு ஃபோன் மேல் ஃபோன். “அப்படி ஒரு வேலை இருக்காடே?” என்கிறார். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இருக்கிறது. மனுஷன் எப்படி முடிவெடுக்கிறான் என்று உளவியலை வைத்துப் பார்த்து, அரசுக் கடிதம், படிவம், போர்டு இவற்றை அதற்கேற்ப மாற்றுகிற வேலை. 2010-ல் பிரிட்டன் அரசு இதற்கென்றே ஒரு சின்னக் குழு அமைத்தது. அதற்குத் தலைவராக இருந்தவர் டேவிட் ஹால்பெர்ன், உளவியல்காரர். வரி பாக்கிக் கடிதத்தில் ‘பத்தில் ஒன்பது பேர் உரிய காலத்தில் கட்டிவிடுகிறார்கள்’ என்கிற மாதிரி ஒரு வரி சேர்த்தார்கள், பணம் சீக்கிரம் வந்தது. அபராதத்தைக் கூட்டவில்லை. 2019-ல் நம் நிதி ஆயோக்கிலும் இதற்கு ஒரு பிரிவு வந்தது. திட்டங்கள் நிஜமாகவே பலன் தருகின்றனவா என்று சோதித்துப் பார்க்கிற ஜே-பால் அமைப்பு சென்னையில் 2014-லேயே தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. வேலை தேடும்போது இவற்றைப் பார்.

ஆனால் அதற்கு முன்னால் தாமிரபரணிக் கரையில் இருக்கிற பாபநாசம் போ. ஆடி அமாவாசைக் கூட்டம் வேண்டாம், சாதாரண நாளில் போ. குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டால் பாவமும் தோஷமும் அதோடு போகும் என்று சனங்கள் நம்புகிறார்கள். வேட்டியும் சேலையும் பாறை இடுக்கில் சுற்றிக் கிடக்கும். தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளுகிறார்கள், மறுபடியும் சேருகிறது. இதைத் தடுக்க ஒரு போர்டு எழுதச் சொன்னால் நம் ஆபீஸில் என்ன எழுதுவார்கள்? ‘ஆயிரக்கணக்கானோர் துணிகளை வீசி தாமிரபரணியைப் பாழாக்குகின்றனர்’ என்றுதான்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் ஒரு பூங்கா உண்டு. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் அங்கே இரண்டு விதமான போர்டு வைத்துப் பார்த்தார். ‘பலர் கல்மரத் துண்டுகளை எடுத்துப்போய்விட்டார்கள், பூங்கா அழிகிறது’ என்ற போர்டு இருந்த பாதையில் குறிபோட்டு வைத்த துண்டுகளில் நூற்றுக்கு எட்டு காணாமல்போயின. ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்ற பாதையில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. எல்லோரும் செய்கிறார்கள் என்று நாமே சொல்லிக்கொடுத்தால் வருகிறவன் ஏன் செய்யமாட்டான்?

அதனால் நீ படித்துறையில் உட்கார்ந்து கவனி. ஈரத்துணியை எந்தப் படியில் அவிழ்க்கிறார்கள், கூடவே நின்று ‘விட்டுடு’ என்று சொல்வது யார், ஏற்கெனவே மிதக்கும் துணி கண்ணில் பட்டால் கை தயங்குகிறதா இல்லையா. நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்காதே. தோஷம் துணியோடு போகட்டும், துணி ஆற்றுக்குள் போக வேண்டுமா, கரையில் கழற்றி வைத்தால் போதாதா என்று அந்த ‘விட்டுடு’ சொல்கிறவரிடம் பேசிப் பார்க்கலாம். பலிக்குமா என்பதை எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

என் வருவாய்த்துறைக் காலத்தில் தினமும் காதில் விழுந்த வாக்கியம், “ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை சார்.” முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுக்க வரும் அம்மா பீடி சுற்றுகிறவள். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இல்லை என்று திருப்பி அனுப்புவோம். மறுபடி வந்தால் பாஸ்புக் ஜெராக்ஸ் இருக்காது. ஒவ்வொரு தடவையும் பஸ் காசும் அன்றைய சுற்றுக்கூலியும் போச்சு. மூன்றாவது தடவை அவள் வரவில்லை என்றால் அதற்கு விழிப்புணர்வு முகாம் போட்டு என்ன பிரயோஜனம்? என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி முதல் நாளே கையில் கொடுத்தால் போதும். என்னைக் கேட்டால், உன் படிப்புக்கு நோயாளி அந்த அம்மா அல்ல, கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாங்கள்தான்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரை ஒப்பேற்றிவிடாதே. இந்தத் துறையில் புளுகும் உண்டு. படிவத்தின் கீழே கையெழுத்து வாங்குவதற்குப் பதில் மேலே வாங்கினால் பொய் குறையும் என்று 2012-ல் ஒரு பிரபலமான கட்டுரை வந்தது. அதில் இருந்த தரவு ஜோடனை என்று தெரிந்து 2021-ல் திரும்பப் பெற்றார்கள். நிஜமான ஆய்வுகளிலும் பலன் சின்னதுதான். ஆய்வுப் பத்திரிகைகளில் வந்த இப்படிப்பட்ட சோதனைகள் சராசரி 8.7 சதவீதப் புள்ளி மாற்றம் காட்டின, அதாவது நூறு பேரில் கூடுதலாக ஏறக்குறைய ஒன்பது பேர் நினைத்தபடி செய்தார்கள். அமெரிக்காவில் அரசுக்காக இரண்டு குழுக்கள் செய்தவற்றில் 1.4தான். இது 2022-ல் வெளியான கணக்கு.

1.4 என்றால் அண்ணன் சிரிப்பார். ஒரு மாவட்டத்தில் முதியோர் உதவித்தொகை மனு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள், கூடுதலாக 1,400 பேர் மனுவை முடிப்பார்கள். செலவு ஒரு துண்டுச்சீட்டு. அடுத்த தடவை ஃபோன் வந்தால் இந்தக் கணக்கை நானே சொல்லிவிடுகிறேன். சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் நீ பேசிக்கொள்.

அன்புடன்,
சித்தப்பா