நாணய மதிப்புக்குக் கீழே ஒரு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் தங்கம், வெள்ளி விலையை ஒட்டி வெளிநாட்டு நாணய மதிப்பும் தினமும் வருகிறது. எங்கள் தெருவில் முதலில் பார்ப்பது அதைத்தான். எங்களுக்கு வெள்ளி என்றாலே சிங்கப்பூர் டாலர்தான். வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார். ஆனால் நீங்கள் அச்சிடும் அந்த ரேட் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. அது வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை.

நானும் 14 ஆண்டுகள் அங்கே கப்பல் பட்டறையில் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை, நம் ஆட்கள் கூடும் லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் கடை கடையாக ஏறி இறங்கி ரேட் விசாரிப்போம். பத்துக் காசு கூடக் கிடைக்கும் என்றால் வெயிலில் இன்னொரு தெரு நடப்போம். என் மகன் இப்போது கட்டிலில் படுத்தபடியே கைபேசியில் அனுப்பிவிடுகிறான்; விசாரிக்கும் பழக்கம் மட்டும் போய்விட்டது. சென்ற மாதம் ‘கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்யும் ஒரு செயலியில் 1,000 வெள்ளி அனுப்பினான். அன்றைக்கே வேறொரு நிறுவனம் கொடுத்த ரேட்டைவிட வெள்ளிக்கு 70 காசு குறைவு. ஆக, 700 ரூபாய் போயிற்று. அந்த இன்னொரு நிறுவனம் கேட்ட கட்டணம் 5 வெள்ளி, அதாவது அந்த 700 ரூபாயில் ஏறக்குறையப் பாதி! ‘ஆயிரம் வெள்ளி கட்டினால் ஊரில் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?’ என்று மட்டும் நாலு இடத்தில் கேட்டிருந்தால் போதும்.

2023 பிப்ரவரி 21 அன்று கைபேசியில் பணம் அனுப்பும் முறைகளான சிங்கப்பூரின் பேநவ், நம் யுபிஐ இரண்டையும் இணைத்தார்கள். ஒரு நாளைக்கு 60,000 ரூபாய், அதாவது சுமார் 1,000 வெள்ளி வரை அனுப்பலாம் என்று தொடங்கினார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலேயே அதில் இருந்தன. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் இது தெரியாது. இதிலும் ரேட்டைப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது வேறு விஷயம்.

தெரியாத இன்னொன்று வரி. ‘கணக்கில் வந்தால் வருமான வரிக்காரன் பிடித்துக்கொள்வான்’ என்று பயந்து உண்டியலில், அதாவது வங்கி வழியில்லாமல் ஆள் மூலம், அனுப்புகிறவர்கள் இன்றும் உண்டு. அது சட்டவிரோதம், பணம் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? மகன் பெற்றோருக்கு அனுப்பும் பணத்துக்கு, தொகை எவ்வளவானாலும் அவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. அதை என் பெயரில் டெபாசிட் போட்டால் வரும் வட்டி என் வருமானத்தில் சேரும், அவ்வளவுதான். சேமிப்புக்கென்றால் மகன் தன் பெயரிலேயே, வெளிநாட்டில் சம்பாதித்ததை இங்கே போட்டுவைக்கும் என்.ஆர்.இ. கணக்கு தொடங்கிப் போடட்டும்; அவன் வெளிநாட்டில் இருக்கும்வரை அந்த வட்டிக்கு இங்கே வரி இல்லை. வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்கு அப்படியில்லை, வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுவார்கள். வெளிநாட்டுப் பணத்தை இங்குள்ள வங்கி ரூபாயாக மாற்றிக் கொடுத்தால் அந்தச் சேவைக்கு ஜிஎஸ்டி உண்டுதான். 60,000 ரூபாய்க்கு அது 108 ரூபாய். இதற்கா உண்டியல்?

போதாக்குறைக்கு, அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 2026 ஜனவரி முதல் 1 சதவீத வரி என்ற செய்தியை யாரோ அரைகுறையாகப் படித்துவிட்டு, சிங்கப்பூருக்கும் வந்துவிட்டதாக டீக்கடையில் கிளப்பிவிட்டார்கள். அங்கேயே கூட அது ரொக்கம், மணி ஆர்டர் போன்றவற்றைக் கொடுத்து அனுப்புகிறவர்களுக்குத்தான். வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த நாணய மதிப்புக் கட்டத்துக்குக் கீழே, ‘இது வங்கிகளுக்கு இடையிலான விலை, பணம் அனுப்புவோருக்கு இதைவிடக் குறைவாகவே கிடைக்கும்’ என்று தினமும் ஒரு வரி போடுங்கள். இடம் இருந்தால் வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, ஆயிரம் வெள்ளிக்கு எந்த வழியில் எத்தனை ரூபாய் கையில் கிடைத்தது என்றும் போடலாம். நான் கடை கடையாக விசாரித்த நாளும் அதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி