சாணை மேசையும் முதலுதவிப் பையும்

அன்புள்ள கணேசா,

நலம். நலமறிய ஆவல். மீனாவுக்கு அத்லெடிக் தெரபி (விளையாட்டு வீரர்களின் காயங்களைப் பார்க்கும் படிப்பு) செய்முறைப் பயிற்சிக்கு இங்கே கனடாவில் ஒரு ஜூனியர் ஏ ஐஸ் ஹாக்கி அணியில் இடம் கிடைத்த செய்தி பார்த்தேன். "வைத்தியம் படிக்க அனுப்பினால் ஸ்கேட்டுக்குச் சாணை பிடிக்கச் சொல்கிறார்களாமே" என்று புலம்பியிருந்தாய். இங்கே பெரிய லீக்குகளில், ஒன்டாரியோ ஹாக்கி லீக் மாதிரியான இடங்களில், தெரபிஸ்ட் தனி, சாமான் பார்ப்பவர் தனி. ஒரு படி கீழே வந்தால் பல ஊர்களில் இரண்டுக்கும் ஒரே ஆள்தான். 'டிரெய்னர்' என்று கூப்பிடுவார்கள். 16 முதல் 20 வயது வரையிலான இருபத்தைந்து பையன்களின் உடம்பும் பையும் அவர் பொறுப்பு. காசை மிச்சம் பிடிக்க வந்த ஏற்பாடு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. காரணம் பின்னால் சொல்கிறேன். ஆனால் சாணையை அவள் இளக்காரமாக நினைக்க வேண்டாம்.

ஸ்கேட் பிளேடு கத்தி மாதிரி ஒற்றைக் கூர் கொண்டதல்ல. அடிப்பக்கம் சுமார் 3 மி.மீ. அகலம். அதன் நடுவே நீளவாக்கில் ஒரு குழிவு, இருபுறமும் இரண்டு ஓரம். அந்தக் குழிவு எந்த அளவு வட்டத்தின் துண்டு என்பதுதான் விஷயம். அரை அங்குல ஆரம் பொதுவான அளவு. 3/8 என்றால் ஆழம் கூடி ஐஸைக் கவ்வும். 5/8 என்றால் ஆழம் குறைந்து வழுக்கிக்கொண்டு ஓடும். கணக்குப் போட்டுப் பார்: அரை அங்குலத்தில் குழிவின் ஆழம் 0.09 மி.மீ., 3/8-இல் 0.12, 5/8-இல் 0.07. ஒரு தலைமுடித் தடிமன்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் மாற்றிக் கொடுத்துப் பார், முதல் திருப்பத்திலேயே பையன் கண்டுபிடித்துவிடுவான். கனமான ஆளுக்கு ஆழம் குறைவாகப் போதும், ஒல்லியானவனுக்குக் கொஞ்சம் கூட வேண்டும். ஐஸ் இறுகிக் கிடக்கும் அரங்கம் என்றால் ஆழத்தைக் கூட்டச் சொல்லி வருவார்கள்.

வேலை இப்படிப் போகும். பிளேடைத் துடைத்து, விரல் நகத்தை ஓரத்தில் ஓட்டிப் பல் விழுந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். பிளேடு ஹோல்டரில் ஆடுகிறதா, ரிவிட் தளர்ந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். ஆடும் பிளேடுக்கு எவ்வளவு நன்றாகச் சாணை பிடித்தாலும் வீண். பிறகு வைர முனையால் கல்லைச் சீவி ஆரத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஸ்கேட்டைப் பிடியில் இறுக்கி, பிளேடின் நடு கல்லின் நடுவில் சரியாக உட்காருகிறதா என்று உயரத்தைத் திருத்த வேண்டும். அப்புறம் ஒரே வேகத்தில், லேசான கையோடு நான்கைந்து ஓட்டம். அழுத்தினால் எஃகு சூடேறிக் கூர் சீக்கிரம் மழுங்கும். புதிதாகக் கற்பவர்கள் தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் ஒரு நொடி தங்குவார்கள். மாதக் கணக்கில் அப்படித் தேய்த்தால் முன்னும் பின்னும் கரைந்து பிளேடின் வளைவே மாறிவிடும். பையன் 'பாலன்ஸ் போச்சு' என்பான், யாருக்கும் காரணம் புரியாது. கடைசி ஓட்டத்துக்கு முன் ஒரு துளி எண்ணெய். முடித்ததும் கைக்கல்லைப் பக்கவாட்டில் படிய வைத்துப் பிசிறை எடுக்க வேண்டும்.

இனித்தான் முக்கியமான சோதனை. பிளேடின் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்து, பக்கவாட்டோடு அது நேர்கோணத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்தால் ஒரு ஓரம் உயரம், ஒரு ஓரம் பள்ளம். அந்த ஸ்கேட்டோடு போகிறவன் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கால் பிடிமானத்தை இழப்பான். நாணயம் வைக்கச் சோம்பல்படுகிறவரிடம் எவ்வளவு நல்ல இயந்திரம் இருந்தும் பயனில்லை.

இதில் வைத்தியம் எங்கே என்கிறாயா? வழக்கமாக அரை அங்குலம் கேட்கிறவன் ஒரு நாள் வந்து "5/8 போட்டுக் கொடுங்கள்" என்றால், மீனா கல்லைத் தொடுவதற்கு முன் தொடையிடுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கட்டும். ஆழமான குழிவு கவ்வும்போது காலை நிறுத்தும் பாரம் தொடையின் உட்பக்கத் தசைக்குப் போகிறது. வலியைச் சொன்னால் உட்கார வைத்துவிடுவார்களே என்று பயப்படுகிற பையன் வைத்தியரிடம் வராமல் சாணை மேசைக்கு வருவான். 2001-இல் என்எச்எல் (வட அமெரிக்காவின் மிகப் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) வீரர்களை வைத்து வெளிவந்த ஓர் ஆய்வில், உட்பக்கத் தசையின் பலம் இடுப்பின் வெளிப்பக்கத் தசை பலத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு உட்பக்கத் தசைக் காயம் வர மற்றவர்களைவிட 17 மடங்கு வாய்ப்பு என்று கண்டார்கள். சீசன் தொடங்கும் முன்பே அளந்து வைத்துக்கொண்டால் யாரைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அதே மாதிரிதான் 'லேஸ் பைட்'. கணுக்காலுக்கு முன்னால், லேஸ் அழுத்தும் இடத்தில், தசைநார் வீங்கிவிடும். ஐஸ் கட்டி வைத்து அனுப்பினால் நாளைக்குத் திரும்ப வருவான். அந்த இடத்துக் கண்ணியை ஒன்று விட்டு லேஸ் கோக்க வேண்டும், ஸ்கேட்டின் நாக்குக்கு அடியில் நடுவில் ஓட்டை வெட்டிய ஃபெல்ட் துண்டு ஒட்ட வேண்டும், நாக்கு செத்துப்போயிருந்தால் மாற்றவே வேண்டும். மருந்து சாமான் பெட்டிக்குள் இருக்கிறது.

ஆட்டத்தன்று முதல் வேலை, இரண்டு அணி டிரெய்னர்களும் சந்தித்துப் பேசுவது. ஆம்புலன்ஸ் எந்தக் கதவில் வரும் (பெரும்பாலும் ஐஸை மட்டப்படுத்தும் ஜாம்போனி வண்டி நுழையும் பக்கம்), ஏஇடி (நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) எங்கே மாட்டியிருக்கிறது, யார் அவசர எண் 911-ஐ அழைப்பது, யார் வாசலில் நின்று வழிகாட்டுவது. பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) நெஞ்சில் பட்டு இதயம் நின்றுபோகும் ஆபத்து அபூர்வம்தான். ஆனால் நடந்தால் நிமிடங்களில் ஏஇடி போட வேண்டும். அப்போது பூட்டிய அறைச் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கழுத்துத் தண்டுவடக் காயம் என்ற சந்தேகம் இருந்தால் ஹெல்மெட்டை மட்டும் கழற்றக் கூடாது. தோள் கவசம் முதுகைத் தூக்கி வைத்திருக்கும், தலை பின்னால் சரிந்துவிடும்.

வெட்டுக்காயம்தான் இந்த விளையாட்டின் தனிப் பயம். 1989 மார்ச் 22 அன்று என்எச்எல் அணியான பஃபலோ சேபர்ஸின் கோல் காப்பாளர் கிளின்ட் மலார்ச்சுக்கின் கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேட்டால் அறுபட்டது. அணியின் டிரெய்னர் ஜிம் பிட்ஸுடெல்லி, வியட்நாம் போரில் ராணுவ மருத்துவ உதவியாளராக இருந்தவர், விரலாலேயே அழுத்திப் பிடித்துக் காப்பாற்றினார். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆடம் ஜான்சன் என்ற வீரர் ஸ்கேட்டால் கழுத்து அறுபட்டு இறந்த பிறகு கழுத்துக் காப்பை நிறைய லீக்குகள் கட்டாயமாக்கின. மீனா பார்க்க வேண்டியது இது: பையன்கள் அரிக்கிறது என்று காப்பின் ஓரத்தைக் கத்தரித்துவிடுவார்கள். கத்தரித்தால் பிஎன்கியூ (கியூபெக் தர நிர்ணய அமைப்பு) தரச் சான்று செல்லாது. வாரம் ஒருமுறை லேபிளையும் வெல்க்ரோவையும் தொட்டுப் பார்க்கட்டும்.

தலையில் அடி என்றால் ஒன்டாரியோவில் ரோவன் சட்டம் இருக்கிறது. ரக்பி ஆடிய ரோவன் ஸ்ட்ரிங்கர் 2013-இல் 17 வயதில் இறந்ததை ஒட்டி 2018-இல் வந்தது. மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தால் வெளியே உட்கார வேண்டும், மருத்துவரோ நர்ஸ் பிராக்டிஷனரோ சரி சொல்லாமல் முழுப் பயிற்சிக்குத் திரும்ப முடியாது. மூளை அதிர்ச்சியைக் கண்டறியும் ஸ்காட்6 பரிசோதனைக்குக் குறைந்தது 10 முதல் 15 நிமிடம் அமைதியான அறை வேண்டும்; பெஞ்சில் நின்றுகொண்டு செய்வது பரிசோதனை ஆகாது. இரண்டு வேலையும் ஒரே கையில் இருப்பதில் எனக்குப் பிடித்த ஒரே நன்மை இங்கேதான்: ஹெல்மெட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம். பயிற்சியாளர் கத்தட்டும், பையன் கெஞ்சட்டும், ஹெல்மெட் இல்லாமல் எவனும் ஐஸில் இறங்க முடியாது.

சம்மதம் இல்லை என்றேனே, அது இதனால்தான். ஒருவன் ஐஸில் விழுந்து கிடக்கும் அதே நிமிடத்தில் இன்னொருவன் பிளேடு உடைந்து பெஞ்சில் வந்து விழுவான். மீனா விழுந்தவனிடம்தான் போக வேண்டும், யோசிக்கவே கூடாது. அதற்கு முன்னேற்பாடு வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி பிளேடு சாணை பிடித்து, வீரனின் எண், இடமா வலமா என்று எழுதிப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். இப்போதைய ஹோல்டர்களில் விசையை இழுத்தால் பழைய பிளேடு கழன்றுவிடும், புதியது சொடக்கென்று உட்காரும். அணியில் உதவிக்கு வரும் தன்னார்வலர் ஒருவருக்கு அதைப் பத்து முறை செய்யவைத்துப் பழக்கிவிட்டால், பெஞ்சில் யாரும் மீனாவின் பெயரைச் சொல்லிக் கத்த மாட்டார்கள்.

சலவை பெரிய வித்தை இல்லை. ஜெர்சியில் ரத்தம் என்றால் குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் கறையைச் சமைத்துவிடும். கையுறைகளைப் பைக்குள் ஈரமாக விடக் கூடாது, ஊர் போய்ச் சேர்ந்ததும் முதலில் தொங்கவிடுவது அவைதான். தோல் தொற்று அங்கிருந்துதான் கிளம்பும்.

பஸ் பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன்னிடம் மறைக்க முடியாது. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் பிராங்கோஸ் அணியின் பஸ் விபத்தில் 16 பேர் இறந்தார்கள்; அணியின் அத்லெடிக் தெரபிஸ்ட் டேனா பிரான்ஸ் அவர்களில் ஒருவர். பஸ்ஸில் பெல்ட் இருந்தால் தூங்கும்போதும் போட்டுக்கொள்ளச் சொல். மருந்துப் பை கீழே சாமான் அறைக்குள் போகாமல் அவள் காலடியில் இருக்கட்டும்.

கடைசியாக, காயம்பட்டவனிடம் ஐஸில் ஓடக் கூடாது. குறுகிய அடிகள், பக்கத்தில் ஒரு வீரனின் கையைப் பிடித்துக்கொண்டு. ஷூவுக்கு மேல் மாட்டும் ஆணிப் பட்டை இங்கே கடைகளில் கிடைக்கும். அவள் கால் அளவைக் கேட்டு எழுது, வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
ரவி