பெயரில் திணை இருந்தால் போதாது, வினையிலும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர்கள் சொந்தமாக ஒரு செயற்கை மொழி உருவாக்குவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, பெயர்ச்சொற்களைப் பத்து வகுப்பாகப் பிரித்துப் பட்டியல் போடச் சொல்கிறது. பட்டியலோடு நின்றால் அது திணை ஆகாது. வகுப்பு வினையிலோ அடைமொழியிலோ வெளிப்பட வேண்டும். 'முருகன் வந்தான்', 'மாடு வந்தது' என்பதில் திணை தெரிவது வினைமுற்றில்தான். கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாகிலியில் 'கிட்டாபு கிக்குப்வா கிமேஅங்குக்கா' என்றால் பெரிய புத்தகம் விழுந்துவிட்டது. பன்மையில் மூன்று 'கி'யும் 'வி' ஆகிவிடும். இத்தனைக்கும் கிட்டாபு அரபுச் சொல். அச்சொல்லின் தொடக்கத்திலேயே இருந்த 'கி'யைச் சுவாகிலி தன் முன்னொட்டாக எடுத்துக்கொண்டது. கடன்சொல்லை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதற்கும் விதி வேண்டும்.

வகுப்பு இரண்டு முதல் நான்கு போதும். எதை வைத்துப் பிரிக்கிறோம் என்பதே முக்கியம். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், தமிழ்த் திணைக்கு அடிப்படை பகுத்தறிவு என்று விளக்கினார். 'ஸ்டார் ட்ரெக்' படங்களுக்காக மார்க் ஒக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கான் மொழியில் பேசத் தெரிந்த உயிர்களுக்கு ஒரு பன்மை விகுதி, உடலுறுப்புக்கு ஒன்று, மற்றவைக்கு ஒன்று. எல்லையில் நிற்கும் சொற்களை முதலிலேயே சோதியுங்கள்: குழந்தை, சூரியன், பொம்மை, பேய். 'குழந்தை அழுகிறது', 'குழந்தை அழுகிறான்' இரண்டும் நம்மிடம் உண்டு.

சொல்லாக்கத்துக்கு 1887இல் வெளிவந்த எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழி நல்ல பாடம். மருத்துவமனை அதில் 'மால்சானுலேயோ': மால் எதிர்மறை, சான் நலம், உல் ஆள், ஏய் இடம், ஓ பெயர் விகுதி. நலமில்லாதவர் இருக்கும் இடம். ஒட்டுகளின் வரிசை மாறினால் பொருளும் மாறிவிடும்.

பலரும் சறுக்குவது புணர்ச்சியில், அதாவது வேரும் விகுதியும் சேரும் இடத்தில். 'நிர்', 'நிரா' என்று இரண்டு வேர் வைத்து 'ஆன்' விகுதியைச் சேர்த்தால், இரண்டுமே 'நிரான்' ஆகிவிடும். தமிழ்போல் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே வரும் உடம்படுமெய் ஒன்றை வைத்தால் இரண்டாவது 'நிராவான்' என்று பிரிந்து நிற்கும். இதை முடிவு செய்யாமல் 500 சொல் சேர்த்தவர் அத்தனையையும் திருத்த வேண்டிவரும். 40 வேர், 8 விகுதியோடு 20 வாக்கியம் எழுதிப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

நம் நெல்லை மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி வாயிலேயே இருக்கிறது. 'வந்தாய்' என்ற முன்னிலை வினை பால் காட்டாது. ஆனால் 'என்னலே' என்றால் எதிரில் நிற்பது ஆண், 'என்னட்டி' என்றால் பெண். முன்னிலையில் பால் காட்டும் விகுதி வேண்டுமென்றால் இங்கிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை.